ஹார்ட் பூட் கார்விங்: சென்னையில் இருந்துகொண்டு பனிச்சறுக்குப் பலகை பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக மூன்று குளிர்காலம் மியூனிக்கில் இருந்தேன். அங்கே தொற்றிக்கொண்ட நோய் இது. இப்போது வேளச்சேரி வாசி, வருடத்துக்கு எட்டுப் பத்து நாள்தான் பனி கிடைக்கிறது, மீதி நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசியே ஓட்டுகிறேன். ஆபீஸிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று உட்கார்ந்தேன்.

கார்விங் என்றால் என்ன? சும்மா பலகையில் சறுக்குவதுதானே?

இல்லை. பனிமலையில் பலகை மீது இறங்குகிறவர்களைப் பாருங்கள், பாதிப்பேருக்கு மேல் வழுக்கித்தான் திரும்புவார்கள். தோசைக்கல்லில் கரண்டியால் மாவைத் தேய்ப்பது மாதிரி பலகை பனியைத் தேய்த்துக்கொண்டே போகும், அதிலேயே வேகமும் குறையும். கார்விங் என்பது அரிவாள்மனை வேலை. பலகையின் ஓரத்தில் இரும்பு எட்ஜ் இருக்கிறது, அது மட்டும் பனியில் இறங்கி அறுத்துக்கொண்டு போகும். திரும்பிப் பார்த்தால் பின்னால் அகலமாகத் தேய்த்த தடம் இருக்காது, கோலமாவில் இழுத்த மாதிரி ஒற்றைக் கோடு இருக்கும். அந்தக் கோடு இருந்தால் கார்விங், இல்லாவிட்டால் இல்லை. இதில் விவாதமே கிடையாது.

இதை மெத்தென்ற சாதாரண ஸ்னோபோர்டு பூட்டிலும் செய்யலாம், இப்போது ஜப்பான், கொரியா பக்கம் அப்படிச் செய்கிறவர்கள் நிறைய. நான் சொல்லப்போவது ஆல்பைன் வகை: ஸ்கீ (காலுக்கொன்றாக இரண்டு கட்டை மாட்டிச் சறுக்குவது) பூட் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் பூட் (இதுதான் ஹார்ட் பூட்), ஒடுக்கமான நீளமான பலகை, இரண்டு பாதமும் முன்பக்கம் பார்த்த நிலை.

பலகை எப்படித் தானாகத் திரும்பும்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பலகையின் இரண்டு ஓரமும் நேர்க்கோடு இல்லை, நடுவில் இடுப்பு மாதிரி உள்வாங்கியிருக்கும். அந்த வளைவுக்கு சைடுகட் என்று பெயர். அந்த வளைவை நீட்டி முழு வட்டமாக வரைந்தால் வரும் ஆரத்தைத்தான் பலகையில் 10 மீட்டர், 14 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். பலகையைச் சாய்த்து எட்ஜில் நிறுத்தி எடையைக் கொடுத்தால், நடுப்பகுதி பனியைத் தொடும்வரை பலகை வில்லாக வளையும். வளைந்த பலகை அந்த வளைவின் வழியே போகும், வேறெங்கும் போகாது.

எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு சின்ன வட்டம். கணக்கு ரொம்ப எளிது: சைடுகட் ஆரத்தை, சாய்த்த கோணத்தின் கொசைனால் பெருக்குங்கள். 10 மீட்டர் பலகையை 45 டிகிரி சாய்த்தால் சுமார் 7 மீட்டர் ஆரமுள்ள வட்டம், 60 டிகிரி சாய்த்தால் 5 மீட்டர். பத்தாம் வகுப்பில் "இந்த சைன் கொசைன் எல்லாம் எதுக்கு சார்" என்று கேட்டவன் நான், வாத்தியார் மன்னிப்பாராக.

விழாமல் இருப்பது எப்படி என்பதற்கு, பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள், பைக்காரர் சுவரில் கிடைமட்டமாகச் சுற்றுவாரே, அதே கதைதான். 7 மீட்டர் வட்டத்தில் உடம்பு 45 டிகிரி சாய்ந்து நிற்க மணிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. வேகம் போதும். சரிவை எல்லாம் கணக்கில் எடுக்காத தோராயம்தான், ஆனால் "இதுக்கு பயங்கர வேகம் வேணும்" என்ற பயத்துக்கு இந்த ஒரு எண் போதும். நம்ம தெருவில் ஸ்கூட்டி போகிற வேகம். இன்னொரு விஷயம், 60 டிகிரி சாய்ந்தால் காலில் இறங்கும் எடை இரண்டு மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 140 கிலோ. மாலையில் படி இறங்கும்போது தொடை நடுங்குவது இதனால்தான்.

பூட் ஏன் கெட்டியாக இருக்க வேண்டும்? பாதம் ஏன் முன்னால் பார்க்க வேண்டும்?

இரண்டும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனை. ஒரு எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்குச் சட்டென்று மாற வேண்டுமானால் பலகை ஒடுக்கமாக இருக்க வேண்டும், ஆல்பைன் பலகையின் இடுப்பு அகலம் பெரும்பாலும் 18 முதல் 21 செ.மீ. உங்கள் பூட்டின் அடி நீளமோ 30 செ.மீ. சுமார். பலகைக்குக் குறுக்காக நின்றால் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் சாய்த்ததும் பூட் பனியில் இடித்து எட்ஜைத் தூக்கிவிடும், நீங்கள் தரையில். அதனால் பாதத்தை 50 முதல் 65 டிகிரிவரை முன்னால் திருப்பி வைக்கிறோம், பின்காலுக்கு ஓரிரண்டு டிகிரி குறைவாக. கோணத்தை யாரிடமும் கேட்க வேண்டாம். பலகை மேல் பூட்டை மாட்டி மேலிருந்து பாருங்கள், விரலும் குதிகாலும் ஓரத்தைத் தாண்டாத கோணம் எதுவோ அதுதான் உங்கள் கோணம்.

அப்படித் திரும்பி நின்றபின், கணுக்காலை பக்கவாட்டில் சாய்த்துத்தான் எட்ஜுக்கு விசை கொடுக்க வேண்டியிருக்கிறது. மெத்தென்ற பூட் அங்கே அமுங்கிவிடும். கெட்டிப் பூட் அமுங்காது, முழங்காலை நகர்த்தினால் பலகை அந்த நொடியே பதில் சொல்லும்.

என்னென்ன வாங்க வேண்டும்? எவ்வளவு ஆகும்?

புதிதாக எல்லாம் வாங்கினால் கிட்டத்தட்ட ஒரு புல்லட் பைக் விலையில் வந்து நிற்கும். அதனால் முதல் செட் பழையதாக வாங்குங்கள். ஆனால் காசை எங்கே கொட்டுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பூட், அப்புறம் பூட்டைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், கடைசியில்தான் பலகை. எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

பூட்டில் டீலக்ஸ், யூபிஇசட் என்ற இரண்டு பெயர்கள்தான் அதிகம் காதில் விழும். அளவு மாண்டோ முறையில் இருக்கும், அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில், நம்ம பாட்டா கடை நம்பரை மறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மெத்தை லைனரை வெளியே எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல்நுனி முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல், மிஞ்சினால் ஒன்றரை விரல் இடம் இருந்தால் சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் பெரிய பூட். எனது முதல் பூட்டை இணையத்தில் பழையதாக வாங்கினேன், "கொஞ்சம் லூஸ், தடிமனான சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று விற்றவர் சொன்னதை நம்பி ஒரு முழு சீசனைத் தொலைத்தேன். பூட்டுக்குள் குதிகால் அரை சென்டிமீட்டர் எழும்பினாலே, நீங்கள் சாய்வதற்கும் பலகை சாய்வதற்கும் நடுவில் ஒரு தாமதம் வந்துவிடுகிறது, அதைச் சரிக்கட்ட உடம்பு தானாகவே கெட்ட பழக்கங்களைக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கங்களை விட இன்னொரு சீசன் ஆனது. ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ், சூடாக்கி வடிவம் பிடிக்கிற லைனர், இது போதும்.

பழைய பூட் வாங்கும்போது வயதைக் கேளுங்கள். பிளாஸ்டிக் வெயிலாலும் ஈரத்தாலும் உள்ளுக்குள் நைந்துபோகும், பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும், மலையில் வைத்து விண்டுவிடும்.

பைண்டிங் இரண்டு வகை. முன்னால் கம்பி வளையத்தை மாட்டி நெம்புகோலை அழுத்துவது ஒன்று. குதிகாலில் ஊசி வைத்து, மிதித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் இன்டெக் வகை இன்னொன்று, கழற்றுவதற்கு கால்சட்டை வழியாக ஒரு கயிறு வரும். குனியவே வேண்டாம், தொப்பை உள்ளவர்களுக்கு வரம். எந்த வகையானாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: ஸ்கீ பைண்டிங் மாதிரி விழும்போது இது தானாகக் கழன்றுகொள்ளாது.

பலகைக்கு முதல் தடவை 160 முதல் 170 செ.மீ. நீளம், 10 முதல் 13 மீட்டர் சைடுகட். பந்தயப் பலகைகள் 180 செ.மீ.க்கு மேலும் போகும், அதை இப்போது தொடாதீர்கள். டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு உள்ளே வைத்த பலகைகள் அதிர்வை நன்றாக விழுங்கும், இறுகிய பனியில் வித்தியாசம் தெரியும். கெஸ்லர், எஃப்2, டோனெக், எஸ்ஜி என்று பெயர்கள் கேள்விப்படுவீர்கள். எஸ்ஜியை நடத்தும் சிகி கிராப்னர் 2006 டூரின் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர்.

ஸ்கீ பூட் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாமா?

ஒரு நாள் ருசி பார்க்கலாம். ஸ்கீ பூட் இன்னும் விறைப்பு, அடியும் நீளம். கணுக்கால் கொஞ்சமாவது மடங்க வேண்டும், இதில் மடங்காது.

முதல் நாள் எங்கே ஆரம்பிப்பது?

அகலமான, ஆள் குறைவான, பச்சை அல்லது எளிய நீலக் குறி போட்ட சரிவு. காலையில் லிஃப்ட் திறந்ததுமே போங்கள், இரவெல்லாம் வண்டி ஓட்டிச் சமன் செய்த பனி, கார்டுராய் துணி மாதிரி வரிவரியாக இருக்கும். பதினோரு மணிக்கு மேல் அது கந்தலாகிவிடும். கார்விங் ஆட்கள் காலை நேர ஜென்மங்கள், நாலு மணிக்கு எழுந்து மீன்பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சரிவுக்குக் குறுக்காக நேராகப் போங்கள். மேல்பக்க எட்ஜில் பலகையைச் சாய்த்து வையுங்கள். அப்புறம் ஒன்றும் செய்யாதீர்கள். பின்காலால் தள்ளாதீர்கள், தோளை முறுக்காதீர்கள். பலகை தானே மெதுவாக மேல்நோக்கி வளைந்து போய் நின்றுவிடும். நின்றதும் திரும்பிக் கோட்டைப் பாருங்கள். பென்சில் மாதிரி இருந்தால் அடுத்த தடவை கொஞ்சம் கீழ்நோக்கிய கோணத்தில் ஆரம்பியுங்கள், தேய்த்திருந்தால் அதையே மறுபடி. இரண்டு பக்கமும் இப்படி ஒரு நாள் முழுக்கச் செய்தால் போதும். என் கூட வந்த நண்பன் அரை மணி நேரத்தில் "மச்சான், இதுக்கா இவ்ளோ காசு கட்டி வந்தோம்" என்று கிளம்பிப்போனான். நான்காம் நாளும் அவன் வழுக்கிக்கொண்டுதான் இருந்தான்.

நம் உடம்புக்கு இந்தக் காத்திருப்பு வராது, அதுதான் சிக்கல். திருப்ப வேண்டும் என்று நினைத்ததும் கால் பலகையை உதைத்துத் திருப்பப் பார்க்கும். உதைத்த கணமே எட்ஜ் பிடியை விட்டுவிடும்.

விரல்பக்கம் நன்றாக வருகிறது, குதிகால்பக்கம் மட்டும் வழுக்குகிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான் (விரல்பக்கம் என்றால் கால்விரல் இருக்கும் ஓரத்து எட்ஜில் வளைவது, குதிகால்பக்கம் அதற்கு எதிர் ஓரம்). காரணம் பெரும்பாலும் உட்காரும் விதம். குதிகால்பக்கம் சாயும்போது வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருவது மாதிரி இடுப்பை வெளியே தள்ளி, மார்பைக் குனிந்து, கால் நேராக விறைத்துவிடுகிறது. எடை எட்ஜ் மேல் இல்லாமல் அதற்கு வெளியே தொங்குகிறது. பலகை தடதடவென்று குதிக்கும், அப்புறம் வழுக்கும்.

மருந்து: தலையையும் மார்பையும் நீங்கள் போகப்போகிற பக்கம் திருப்புங்கள். பின்கையை முன்னால் கொண்டுவந்து முன்பூட்டின் மேல்விளிம்பைத் தொட முயலுங்கள். தொட முடிகிறதென்றால் இடுப்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டது. முழங்கால் மடங்கியே இருக்கட்டும்.

விரல்பக்கத்தில் வேறு நோய், கையை நீட்டிப் பனியைத் தொடும் ஆசை. புகைப்படத்தில் கார்விங் ஆட்கள் பனியில் படுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் இடுப்பை மடித்துக் கையை ஊன்றப் போவார்கள். தோள் உள்ளே விழுந்ததும் எட்ஜில் இருந்த எடை கைக்குப் போய்விடும். பனி உங்களிடம் வர வேண்டும், நீங்கள் பனியிடம் போகக் கூடாது. இரண்டு கையிலும் சேர்த்து ஒரு சாப்பாட்டுத் தட்டை ஏந்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சாம்பார் சிந்தாத அளவுக்குத் தோள் சரிவுக்கு இணையாக நிற்கட்டும், சாய்வு முழங்காலிலும் இடுப்பிலும் இருந்து வரட்டும்.

வளைவுக்கு வளைவு மாறுவது எப்படி?

ஒரு வளைவு முடியும்போது பலகை உங்களைத் திரும்ப மேலே தூக்கிவிடும், வில் நிமிர்கிற மாதிரி. அந்த நேரம் முழங்காலை மடித்து அந்த உந்தலை விழுங்கிக்கொண்டு, பலகையை உடம்புக்கு அடியில் மறுபக்கம் போகவிடலாம். அல்லது நிமிர்ந்து எழுந்து, உடம்பைப் பலகைக்கு மேலாக மறுபக்கம் கொண்டுபோகலாம். ஆரம்பத்தில் இரண்டாவது எளிது. முக்கியம் என்னவென்றால், சரிவில் இன்னும் குறுக்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே புது எட்ஜில் ஏறிவிட வேண்டும், பலகை கீழே பார்த்தபிறகு ஏறினால் தாமதம். கீழ்ப்பக்க எட்ஜில் ஏறுவது முதல் சில தடவை வயிற்றைக் கலக்கும். வளைவின் தொடக்கத்தில் எடை கொஞ்சம் முன்காலில், முடியும்போது நடுவுக்கும் பின்னுக்கும் நகரும்.

ஆபத்தா?

விழுவது அவ்வளவு ஆபத்தில்லை, சாய்ந்தே இருப்பதால் தரை பக்கத்தில்தான் இருக்கிறது. ஹெல்மெட் கட்டாயம், மணிக்கட்டுக் காப்பும் வால் எலும்புக்கு மெத்தை வைத்த அரைக்கால்சட்டையும் போடுங்கள். உண்மையான ஆபத்து மற்ற ஆட்கள். நாம் சரிவின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு, சில சமயம் மேல்நோக்கியும் வளைந்து போகிறோம், பின்னால் வருகிற ஸ்கீக்காரர் அதை எதிர்பார்ப்பதே இல்லை. எஃப்.ஐ.எஸ். (சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு) விதிப்படி பின்னால், மேலிருந்து வருகிறவர்தான் முன்னால் இருப்பவருக்கு இடம்விட வேண்டும். ஆனால் அதே விதிகள் கிளம்பும்போதும் மேல்நோக்கித் திரும்பும்போதும் மேலே பார்க்கச் சொல்கின்றன. விதி நம் பக்கம் என்று சொல்லிக்கொண்டே மருத்துவமனையில் படுத்திருக்கலாம், ஓ.எம்.ஆரில் பச்சை விளக்கை நம்பி வண்டியை விடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆள் வராத இடைவெளிக்குக் காத்திருந்து கிளம்புங்கள்.

ஒலிம்பிக்கில் இது இருக்கிறதா?

1998 நாகானோவில் ஸ்னோபோர்டு முதலில் ஒலிம்பிக்குக்கு வந்தபோது இந்த ஆல்பைன் வகை, நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜெயன்ட் சலோமாக வந்தது, 2002 முதல் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் இறங்கும் பேரலல் ஜெயன்ட் சலோம். 2018 பியோங்சாங்கில் செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா முதலில் ஸ்கீயில் சூப்பர்-ஜி என்ற வேகப் பந்தயத்தில் தங்கம் வாங்கினார், ஒரு வாரம் கழித்து ஸ்னோபோர்டிலும் தங்கம். ஸ்கீயில் ஜெயிப்போம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை, பத்திரிகையாளர் சந்திப்பில் மேக்கப் போடவில்லை என்று பனிக்கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். 2022 பெய்ஜிங்கிலும் ஸ்னோபோர்டு தங்கம் அவருக்குத்தான்.

ஈ.சி.ஆர். ஸ்னோ கிங்டமில் பழகலாமா?

அது குழந்தைகளோடு பனியில் விளையாடப் போகும் இடம். போய் வாருங்கள், பலகையைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்படியானால் சென்னையில் என்னதான் பயிற்சி செய்வது?

சர்ஃப்ஸ்கேட் வாங்குங்கள், முன்சக்கரம் நன்றாகத் திரும்பும் ஸ்கேட்போர்டு. பார்க்கிற இடத்துக்குத் தோள், தோள் போகிற பக்கம் இடுப்பு என்ற வரிசை உடம்பில் ஏறிவிடும். எங்கள் அபார்ட்மென்ட்டின் பார்க்கிங் சரிவில் காலை ஐந்தரைக்குப் பழகுவேன், செக்யூரிட்டி அண்ணன் முதலில் "சார், வயசான காலத்துல ஏன் சார்" என்றார், இப்போது கார் வந்தால் விசில் அடித்து எச்சரிக்கிறார். கோவளத்தில் சர்ஃபிங் கற்றதும் உதவியது, ஆனால் அலையில் பின்காலால் அழுத்தித் திருப்பும் பழக்கத்தைப் பனிக்குக் கொண்டுபோகாதீர்கள். தொடைக்கு, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருவது. மேலே சொன்ன இரண்டு மடங்கு எடைக் கணக்கை நினைத்துக்கொண்டால் தானாக நேரம் கூடும்.

பனிக்கு எங்கே போவது?

குல்மார்க் அழகு, ஆனால் அதன் பெருமை சமன் செய்யாத ஆழமான பொடிப்பனி. ஒடுக்கமான ஆல்பைன் பலகை அதில் மூழ்கிவிடும். கீழே இருக்கும் எளிய சரிவுகளில் பழகலாம். உத்தராகண்டின் ஔலியில் சரிவு கார்விங்குக்கு ஏற்றதுதான், பனி எந்த வருடம் எப்படி விழும் என்பது அந்த வருடத்துக்கே வெளிச்சம். பக்கத்தில் என்றால் துபாய், விமானத்தில் நான்கு மணி நேரம், ஸ்கீ துபாயில் உள்ளரங்கச் சரிவு 400 மீட்டர், வருடம் முழுக்க ஒரே மாதிரிப் பனி. மேலே சொன்ன குறுக்குப் பயிற்சிக்கு அது தாராளம். ஸ்கூல் லீவை நம்பி இருப்பவர்களுக்கு மே மாதத்தில் ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ் பனியாறு, அங்கே வருடம் முழுக்க சறுக்கலாம். ஆடி மாதம் என்றால் நியூசிலாந்து, அங்கே அப்போது குளிர்காலம்.

பலகையையும் பூட்டையும் சென்னையில் எப்படி வைத்துக்கொள்வது?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். கடல்காற்றில் எட்ஜ் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். ஊருக்கு வந்ததும் ஈரம் துடைத்து, அடிப்பக்கம் முழுக்க மெழுகை உருக்கித் தடவி, சுரண்டாமல் எட்ஜையும் மூடி அப்படியே விடுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் சுரண்டி, எட்ஜைத் தீட்டினால் போதும். பையில் போட்டு மூடி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கும். பூட்டைப் பரணில் ஏற்றக் கூடாது, மொட்டைமாடிக்கு நேர்கீழே ஏப்ரல் வெயிலில் அது அடுப்பு. லைனரைத் தனியாக எடுத்துக் காயவைத்து, பூட்டின் கொக்கிகளை லேசாக மாட்டி, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். வீட்டில் சண்டை வரும், அதற்கு என்னிடம் வழி இல்லை. விமானத்தில் போகும்போது பலகையை விளையாட்டுச் சாமான் என்று முன்பே பதிந்துவிடுங்கள், பூட் மட்டும் கையோடு வரட்டும். பலகை தொலைந்தால் அங்கே வாடகைக்குத் தேடலாம், உங்கள் காலுக்கு வடிவம் பிடித்த பூட் எந்தக் கடையிலும் கிடைக்காது.